வலது குழலும் இடது குழலும்

துப்பாக்கி ரிப்பேர்க்காரனிடம் வருகிறவர்கள் யாரும் குறி தப்பியதென்று சொல்வதில்லை. குழல் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஈக்காட்டுத்தாங்கலில், லைசென்ஸ் உள்ள ஒரு பட்டறையில் எனக்கு இரவு ஷிப்ட். பகலில் சுற்றியுள்ள மிஷின்களெல்லாம் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் நிற்காது. குழலின் உட்புறத்தைக் கடைவது மயிரிழை வேலை, அதனால் ராத்திரிக்கு ஒதுக்கினார்கள். படித்துக் கற்றதில்லை; பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது. பகலில் தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தனம்

தி. நகர் நகைக்கடைக் காவலாளி ஒருவர் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். 'குழலைக் கொஞ்சம் பெரிதாக்கவும்' என்று முதலாளியின் சீட்டு. விளக்கு வைத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் வாய்க்குள் வழிந்து காய்ந்து கல்லாகியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்து அவர் கைதான் போயிருக்கும். சுரண்டித் துடைத்துக் கொடுத்து, இனி பெரிதாக்க அவசியமில்லை என்றேன்.

"சந்தனத்துக்கு இல்ல சார். பூஜைக்கு வெக்கிற எலுமிச்சம்பழம் உள்ள போவலன்னுதான் பெரிசாக்கச் சொல்றாரு."

அப்பாவின் துப்பாக்கி

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர், காலமான அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து வந்தார். பறக்கவிட்ட களிமண் தட்டுகளைச் சுடும் கிளப் அணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். இருப்பது ஒரே இடம். போட்டிக்கு நிற்பவர் அவருடைய மச்சினர். மச்சினரின் வெளிநாட்டுத் துப்பாக்கிக்குக் குழல் உள்ளே அகலமாம். இதையும் அதே அளவுக்குக் கடைய வேண்டும். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, அப்பா வைத்திருந்த பொருள், யோசியுங்கள் என்றேன்.

"அப்பா இருந்தா அவரே கடையச் சொல்லியிருப்பார். அவருக்கும் ஒரு மச்சினன் இருந்தான்."

தாள்

கடைவதற்கு முன் கிளப் மைதானத்தில் பெரிய தாள் ஒட்டிச் சோதித்தோம். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்திச் சுட்டால் ரவையெல்லாம் நடுவில் விழுந்தது. வக்கீல் தோளில் வைத்துச் சுட்டால் தாளின் இடது மூலைக்கு மேலே போனது. மூன்று முறையும் அப்படியே. விசையை இழுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வதையும் பார்த்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.

"எனக்கென்னவோ தாளை நீங்க கோணலா ஒட்டிட்டேள்னு தோண்றது."

பாதி வேலை

அவர் விடுவதாயில்லை. குழலின் கனத்தை அளந்தேன், தாங்கும். வலது குழலை மட்டும் கடைந்து, இதில் முன்னேற்றம் தெரிந்தால் இடதைப் பார்ப்போம் என்று கொடுத்தனுப்பினேன். பக்கத்து லேத்தில் நின்ற தாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, நெஞ்சு வலின்னு வந்தவருக்கு ஒரு பக்க மீசைய மட்டும் எடுத்து அனுப்புறே."

திங்கட்கிழமை

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது வக்கீல் வாசலில் நின்றிருந்தார். இடம் மச்சினருக்குப் போய்விட்டது. தப்பிய ஒவ்வொரு தட்டையும் கடைந்த வலதால் சுட்டுத் தவறி, கடையாத இடதாலும் சுட்டுத் தவறியிருக்கிறார். துப்பாக்கியை உறையோடு மார்பில் அணைத்திருந்தார். இடதையும் கடையட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இத்தனை வருஷம் அப்பா துப்பாக்கி மேல பழியைப் போட்டுண்டு நிம்மதியா இருந்தேன். அதைக் கெடுத்துட்டேள்."

குழலைக் கடைந்தால் துப்பாக்கியில் என்ன மாறும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், கடைந்தெடுத்த தூளின் அளவுக்கு அதன் எடை குறையும், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை என்றுதான் சொல்கிறேன்.