மூன்று சக்கர சைக்கிளில் வந்த லாரி டிரைவர்

தறிகள் ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது. அன்று மேஸ்திரி வந்து ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்: லாரி டிரைவர் சின்னராசு மாமா விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டார். தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த நான் அப்படியே எழுந்து எங்கள் தெருவுக்கு ஓடினேன்.

இதைப் படிக்கிறவர்களில் அவரோடு வண்டி ஓட்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, சாலை விதி பழக்கும் பூங்காவுக்கு எங்கள் பள்ளிக்கூடம் மாமாவின் லாரியில் சேலம் போனது. அங்கே சின்னச் சின்ன ரோடுகள், சிக்னல், மூன்று சக்கர சைக்கிள்கள். ஏறுவதற்கு முன் எங்கள் பையன்கள் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் கேட்டார்கள். மாமா லாரியிலிருந்து எடுத்து வந்து வரிசையாக வைத்தார்.

"இது வெளையாட்டு வண்டிங்க" என்றார் பூங்காப் போலீஸ்காரர்.

"சக்கரம் இருக்குதுல்லீங்க?" என்றார் மாமா.

வரிசையில் கடைசியாக நின்ற என்னிடம் போலீஸ் தொப்பியைக் கொடுத்து நாற்சந்தியில் நிறுத்தினார்கள். வகுப்பில் நான் வாய் திறந்தவளே இல்லை. கையை நீட்டினேன். ஒருவனும் நிற்கவில்லை. "ஊமைப் போலீசு" என்று கத்திக்கொண்டு என் பாவாடையை உரசிப் போனார்கள். இனிமேல் பள்ளிக்கூடமே போகக் கூடாது என்று அங்கேயே நினைத்துவிட்டேன்.

அப்போது மாமா ஒரு சைக்கிளில் வந்தார். அவ்வளவு பெரிய ஆள், முழங்கால் இரண்டும் காதைத் தொட, மீசையோடு. என் கைக்கு நேராக வெள்ளைக் கோட்டில் நிறுத்தினார். பின்னால் பையன்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். "மாமா, போங்க" என்று கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை.

"போலீசம்மா சொன்னாத்தான் வண்டி நகரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போலாமுங்களா?" என்று கேட்டார்.

நெடுநேரம் நின்றார். கடைசியில் நான், "போலாம்" என்றேன். அதன் பிறகு சாயங்காலம் வரை நான் சொல்லாமல் ஒரு சைக்கிளும் நகரவில்லை.

ஏழாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குள் பூங்காவுக்கு இன்னும் இரண்டு முறை போக முடிந்தது. இரண்டு முறையும் தொப்பி எனக்குத்தான்.

மாமாவை எடுத்துப்போகும்போது பெண்கள் மெயின் ரோடு வரைக்கும்தான் போனோம். சுடுகாடு எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. தோளில் பாடையோடு ஆண்கள் வெயிலில் நின்றார்கள். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நான் நடந்து நடு ரோட்டுக்குப் போய் வலது கையை ஒரு பக்கமும் இடது கையை மறு பக்கமும் நீட்டினேன்.

லாரிகள் நின்றன. அவற்றின் பின்னால் பஸ்களும் நின்றன. மாமா நிதானமாக ரோட்டைக் கடந்தார்.

கடந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை. முதல் லாரியின் டிரைவர் யாரோ, எந்த ஊரோ. தலையை வெளியே நீட்டி, "போலாமுங்களா?" என்று கேட்டார்.

"போலாம்" என்றேன். ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். மாமா எனக்கு விட்டுப்போனது அந்தக் குரல்தான்.