காற்றுப் போகாத சக்கரம்

என் மனைவி மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன் குனிந்து, பின் சக்கரத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். சந்தைக்கென்றாலும் கோயிலுக்கென்றாலும் வவுனியாவிலுள்ள மகள் வீட்டுக்கென்றாலும் அப்படித்தான். இப்போது அவளுக்கு முழங்கால் நோகிறது. குனியும்போது சீற்றைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனாலும் அமுக்காமல் ஏறமாட்டாள். "காத்து இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவாள்.

நாற்பது வருடமாக இது நடக்கிறது. நான் சொன்ன ஒரு பொய்யால் வந்த பழக்கம் அது.

அதை எழுதுவதற்கு முன் என் கைத்தொலைபேசியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் நான் இதைச் சொல்லாமலே செத்திருப்பேன்.

போன வருடம் மகள் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்து, அதை மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பூட்டிவைக்க ஒரு தாங்கியும் பொருத்திவிட்டாள். போகும் இடத்தைச் சொன்னால் அது வழியைக் காட்டும், போய்ச் சேரும் நேரத்தையும் சொல்லும். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு எனக்கு வழி காட்ட எவரும் தேவையில்லை. ஆனால் அந்த நேரம் என்னைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். தூரம், வேகம், நேரம் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் படுத்தியிருப்பேன்! இது எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று அறியாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அது வீதியை ஒரே கோடாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் அந்த நேரத்தில் வழக்கமாக என்ன வேகத்தில் போகிறார்கள், இப்போது முன்னால் போகிறவர்களின் போன்கள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்று பார்த்து, துண்டுகளைக் கூட்டுகிறது. காருக்கு ஒரு கணக்கு, மோட்டார் சைக்கிளுக்கு வேறு கணக்கு. வவுனியா பஸ் நிலையத்தடியில் மோட்டார் சைக்கிள்காரன் நெளிந்து வளைந்து போய்விடுவான் என்று நேரத்தைக் குறைக்கிறது. பெருந்தெருவில் கொஞ்சம் கூட்டுகிறது. ஆட்கள் அதிகம் போகாத வாய்க்கால் வீதிகளில் அதற்கும் ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்கிறது. நாலு நிமிடம் என்று அது சொன்ன வாய்க்கால் வீதி, மாரி முடிந்த கையோடு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.

"அப்பா, அது பெடியள் ஓடுற ஓட்டத்தை வைச்சுச் சொல்லுது. உங்கட ஓட்டத்துக்கு ஒரு கால் பங்கு கூட்டுங்கோ" என்றாள் மகள்.

நான் பரிசோதித்துப் பார்த்தேன். கால் பங்கு சரியாக இருந்தது.

ஆனால் என்னை உறுத்தியது கணக்கு அல்ல. வழியில் நான் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றால், சேரும் நேரமும் ஒவ்வொரு நிமிடமாக ஏறும். பத்து நாற்பத்திரண்டு என்று இருந்தது நாற்பத்து மூன்றாகும், நாற்பத்து நாலாகும். பிந்துவதை அது உடனே சொல்லிவிடுகிறது. பிந்தியதற்கு ஒரு காரணத்தையும் கட்டுவதில்லை.

நான் கட்டினேன்.

கலியாணம் முடித்து இரண்டாம் வருடம். நான் வவுனியாவில் படிப்பித்தேன், வீடு மாங்குளத்தில். அவளுடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிக்கு அப்பால் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வயல் செய்தவர். ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் அவர் இறந்துபோனார். மறுநாள் சனி. சனிக்கிழமை பிரேதம் எடுக்கக்கூடாது என்று அன்றைக்கே மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவுசெய்தார்கள். ஆள் வந்து முதலில் மாங்குளத்தில் அவளுக்குச் சொல்லி, பிறகு பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எனக்குச் சொன்னான். நான் வடக்கே போகும் பஸ் கொண்டக்டரிடம் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்: பஸ்ஸில் போகவேண்டாம், பன்னிரண்டரைக்கு வந்து ஏற்றுகிறேன்.

மோட்டார் சைக்கிள், ஆசிரியர்கள் தங்கும் விடுதியில் நின்றது. எடுக்கப் போனேன். அங்கே மூன்று பேர் முந்நூற்று நாலு விளையாட ஒரு கை குறைகிறதென்று இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சீட்டாட்டம் என்றால் என்ன என்பது தெரியும்தானே. நான் மாமனார் செத்த செய்தியைச் சொன்னேன். "எத்தனை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்டார்கள். மூன்று மணி என்றேன்.

அப்போது என் மூளை கணக்குப் போட்டது. வீட்டுக்கு இருபத்தெட்டு மைல். மணிக்கு நாற்பது மைல் வீதம் நாற்பத்திரண்டு நிமிடம். அங்கிருந்து இருபத்தைந்து மைல், முப்பத்தெட்டு நிமிடம். மொத்தம் எண்பது நிமிடம். ஒன்றரைக்கு வெளிக்கிட்டாலும் பத்து நிமிடம் மிச்சம். இருந்தேன்.

ஒன்றேகாலுக்குத்தான் எழும்பினேன். நாற்பது மைல் என்பது என் மோட்டார் சைக்கிள் இறக்கத்தில் ஓடிய வேகம். கனகராயன்குளத்தடியில் ஒரு பட்டி மாடு வீதியைக் கடந்தது, அது என் கணக்கில் இல்லை. சேலையோடு பின்னால் ஒருத்தி இருப்பதும் இல்லை, கடைசி நாலு மைல் குண்டும் குழியுமான கிரவல் வீதியும் இல்லை. மாங்குளத்தில் அவள் வீதியோரம் நின்றாள். அவளைத் தாண்டி இரண்டு பஸ் போயிருந்தது. நான் வருவேன் என்று ஏறாமல் நின்றிருக்கிறாள்.

மூன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரேதம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடவேண்டும், சுடலைக்கு ஆண்கள்தான் போவார்கள். வீட்டை ஏற்கெனவே கழுவத் தொடங்கியிருந்தார்கள். "ஆரும் ஓடிப்போய் மறியுங்கோவன்" என்று அவள் கத்தினாள். ஒருவரும் ஓடவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வழியில பின் சக்கரத்தில காத்துப் போட்டுது" என்றேன்.

பிறகு நான் சுடலைக்குப் போனேன். முகத்தை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. இரவில் அவள் "அப்பான்ர முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். நித்திரைகொள்ளுகிறவர் மாதிரி என்று சொன்னேன். அது மட்டும் உண்மை.

அடுத்த பயணத்திலிருந்து அவள் சக்கரத்தை அமுக்கத் தொடங்கினாள்.

இந்த வருடத் திவசத்துக்கும் வழக்கம்போல அவளுடைய தம்பி வீட்டுக்கு வெளிக்கிட்டோம். தகப்பனாரின் அதே வீடு, அதே காணி. ஐயர் பதினொரு மணிக்கு வருவார். அவர் வரமுன் தன் கையால் ஒரு கறியாவது வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. ஒன்பது ஐம்பதுக்குச் சக்கரத்தை அமுக்கினாள்.

"உந்தப் பெட்டை எத்தினை மணியாம்?" என்றாள். போனில் வழி சொல்லும் குரலுக்கு அவள் வைத்த பெயர் அது.

"பத்து நாப்பத்திரண்டாம்."

"நீங்கள்?"

"பதினொண்டுக்குக் கொஞ்சம் முந்தி."

"அவள் சின்னப் பிள்ளை, துள்ளுவாள். நீங்கள் மெல்லமா ஓடுங்கோ."

முறிகண்டியில் நிறுத்தினேன். அந்த வீதியோரப் பிள்ளையாரைத் தாண்டி ஒரு வாகனமும் நிற்காமல் போவதில்லை. அவ்விடத்தில் போன் வீதியை எப்போதும் மஞ்சளாகக் காட்டும். எல்லாரும் நிற்பதைப் பார்த்து நெரிசல் என்று நினைக்கிறது போலும். அவள் தேங்காய் உடைக்கப் போனாள். நான் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளடியில் நின்றேன். சேரும் நேரம் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. முன்பும் பல முறை பார்த்ததுதான். அன்றைக்கு, அவள் தகப்பனாரின் நாளில், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தது.

அவள் நெற்றியில் திருநீற்றோடு வந்தாள். சீற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அதை விடும்" என்றேன். "அண்டைக்குக் காத்துப் போகேல்லை."

"எண்டைக்கு?"

"உம்மட அப்பான்ர செத்தவீட்டண்டு. சக்கரத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் வவுனியாவில சீட்டு விளையாடிக்கொண்டிருந்தனான்."

அவள் நிமிரவில்லை. பெருவிரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"முந்நூற்று நாலோ?"

"ஓம்."

"வெண்டனீங்களோ?"

"இல்லை."

"தோத்தும் போட்டோ வந்தனீங்கள்!"

நான் கச்சான் இருந்த கடதாசிச் சரையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நான் பஸ்ஸில போயிருப்பன்" என்றாள். "கொண்டக்டர் கேட்டவன், ஏறுங்கோ அக்கா எண்டு. எங்கட அவர் வருவார் எண்டு சொல்லிப்போட்டு நிண்டனான்."

நான் சரையை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"எடுங்கோ, ஐயர் வந்திடுவார்" என்று ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக என் தோளில் கை வைப்பாள். அன்றைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்தாள். இரணைமடுச் சந்தி வந்தது, கிளிநொச்சி வந்தது, கை கம்பியிலேயே இருந்தது. வாய்க்கால் வீதியில் குழிகளைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். ஒரு பெரிய குழியில் வண்டி தூக்கிப்போட்டபோதுதான் அவளுடைய கை என் தோளுக்கு வந்தது. வந்த கை அப்படியே இருந்தது.

பதினொன்று ஐந்து. ஐயர் இன்னும் வந்திருக்கவில்லை. தம்பி படலைக்கு வந்து, ஒவ்வொரு வருடமும் கேட்பதையே கேட்டான்:

"என்ன அத்தான், காத்துப் போட்டுதோ?"

அந்தக் குடும்பத்தில் அது நாற்பது வருடப் பகிடி. நான் சிரிப்பதும் வழக்கம். இந்த முறை சிரிக்கவில்லை. அவள்தான் சொன்னாள்: "இல்லையடா தம்பி. முறிகண்டியில கதைச்சுக்கொண்டு நிண்டிட்டம்."

பிறகு குசினிக்குப் போய் ஐயர் வரமுன் கத்தரிக்காய்க் கறி ஒன்றை வைத்து முடித்தாள். படையல் எல்லாம் ஆகி ஐயர் போனதும் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்குச் சொன்னது காணாது. அங்கை போய்ச் சொல்லுங்கோ."

தகப்பனாரின் படம் மாலையோடு கதிரையில் இருந்தது. நான் போய் நின்றேன். படத்தோடு பேசிப் பழக்கமில்லாதவன். உதடு அசைய, உள்ள நேரங்களை உள்ளபடியே சொன்னேன்: பதினொன்றுக்குச் செய்தி வந்தது, ஒன்றேகாலுக்கு வெளிக்கிட்டேன், மூன்று இருபத்தைந்துக்கு வந்தேன், உங்கள் மகள் உங்கள் முகம் பார்க்காமல் போனது என்னால்.

"அத்தான் என்ன இவ்வளவு நேரமாய்க் கும்பிடுறார்?" என்று தம்பி பின்னால் கேட்டான்.

"விடடா, அவருக்குச் சொல்லக் கிடக்கு" என்றாள் அவள். "நீ இலையைப் போடு. அவர் பசி தாங்கமாட்டார்."

நன்றாகச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறியை இரண்டாம் தரமும் அவளே போட்டாள்.

மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். அவள் குனியவில்லை. நேரே சீற்றடிக்கு வந்து, நான் ஏறும் வரைக்கும் நின்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்தாங்கியில் விட்டுவிட்டு, பின்னால் போய்க் குனிந்து, பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்?"

"காத்து."

"இருக்கோ?"

"இருக்கு."

"உண்மையோ?" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். வாயில் கச்சான் மென்றுகொண்டிருந்தாள். காலையில் வாங்காத அதே சரை அவள் கையில் இருந்தது.

"உண்மை" என்றேன்.

வழியில் மகள் போன் எடுத்து எப்போது வீடு சேர்வீர்கள் என்று கேட்டாள். பின்னாலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள்: "பெட்டை மூண்டு ஐம்பத்தைஞ்சு எண்டுறாள். அப்பா ஓடுறார், நாலேகால் எண்டு வை."

நாங்கள் நாலு பதின்மூன்றுக்கு வீடு சேர்ந்தோம்.