கருவாட்டு அறிவிப்பும் நகராத பிளகினும்

அன்றைக்கு என் ரெக்கார்டிங் அறையில் இருந்தவர்கள்: கருவாட்டுக் கடை அக்கா. அவள் வீட்டுக்காரர், எனக்கு அத்தான் முறை, விசைப்படகில் டிரைவர், அன்று கடலுக்குப் போகவில்லை. மைக் கட்டிய ஆட்டோவுக்குச் சொந்தக்காரரான சாத்தான்குளத்து அண்ணாச்சி. நான். அறை இரண்டு பேருக்குத்தான் போதும்.

மறுநாள் காலை அக்காவின் கடைத் திறப்பு. முதலில் வரும் அறுபது பேருக்கு நெத்திலிப் பொட்டலம் இனாம். பொட்டலம் கட்டியாகிவிட்டது. ஊருக்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி. மைக்குக்கு அனுமதி மாலை ஆறு வரை. அப்போது மணி மூன்று.

அறிவிப்பை அக்காவே வீட்டில் வைத்துப் போனில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தாள். பின்னால் கிரைண்டர் ஓடியது.

"இத இப்படியே போட்டா மாவுக் கடையான்னு கேப்பாவ," என்றார் அண்ணாச்சி.

அக்கா மறுபடி பேச வழியில்லை. காலையில் கடைக்கு அலமாரி அடிக்க வந்த ஆசாரியோடு சண்டை போட்டதில் தொண்டை கட்டியிருந்தது.

"ஏலே, நீயே பேசிரு," என்றாள் காற்றுக் குரலில்.

"இவனா? இவன் பேசினா எழவு சொல்லுதாவன்னு சனம் மாலையோட வரும்," என்றார் அத்தான்.

உண்மைதான்.

கிரைண்டரை எடுக்க வேண்டும். அதற்குப் பிளகின் உண்டு. பிளகின் என்றால் எடிட்டிங் சாப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சாமான். ஒன்று இரைச்சல் எடுக்கும். ஒன்று எக்கோ போடும். என்னிடம் நாற்பத்தொன்று. கிடைத்ததையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அத்தனையும் ஏறிய பிறகுதான் சாப்ட்வேர் திறக்கும். மற்ற நாளில் ஒரு டீ ஆறுவதற்குள் ஏறிவிடும். அன்று அண்ணாச்சி டீ குடித்து, வடை தின்று, கை கழுவி வந்தார். கால்வாசியிலேயே நின்றது. எதில் நிற்கிறது என்று திரை காட்டவில்லை.

"இது என்னலே, கப்பல்ல சரக்கு ஏத்துத மாதிரி ஏத்துது," என்றாள் அக்கா.

ஆஃப் செய்து போட்டேன். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அப்படியே நின்றது.

அத்தான் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இன்ஜின்ல ஒரு சிலிண்டர் அடிக்கலன்னா நாங்க எல்லாத்தையுமா கழட்டுதோம்? ஒவ்வொண்ணா டீசல நிறுத்துவோம். எத நிறுத்தியும் சத்தம் மாறலியோ, அவந்தான் கள்ளன்."

"இது நாப்பத்தொரு சிலிண்டர், அத்தான்."

"அப்பம் பாதிப் பாதியா நிறுத்து."

பிளகின் போல்டரில் பாதியை வேறு இடத்துக்கு மாற்றினேன். திறந்தேன். பட்டென்று திறந்தது. கள்ளன் மாற்றிவைத்த பாதியில் இருந்தான். அதிலும் பாதி பார்த்தேன். மறுபடியும் பாதி. கடைசியில் ஐந்து மிஞ்சியது. ஐந்தும் ஒரே கம்பெனிச் சரக்கு. நான் காசு கொடுத்து வாங்கியவை அவை மட்டும்தான். இரைச்சல் எடுப்பதும் அதில்தான்.

"ஓசில வந்ததெல்லாம் ஓடுது பாத்தியளா," என்றார் அண்ணாச்சி.

அந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரு சாவி உண்டு. பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தும் சாவியைத் தேடிக்கொண்டே நிற்கும்.

"சாவி போட்டியாலே?" என்றார் அத்தான்.

"போட்டாச்சு. பின்னால இருக்கு."

"பாத்துச் சொல்லு."

"பாக்க என்ன இருக்கு? நாந்தான போட்டேன்."

அக்கா கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்னலே?"

சாவியின் வாய்க்குள் ஒரு அரிசி.

இங்கே உப்புக்காற்று. வெளியே கிடக்கிற இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மைக் பின், வயர் முனை எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் அரிசி டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும். முந்தின நாள் சாவியையும் போட்டிருந்தேன். காலையில் அரிசியோடு எடுத்துச் செருகியிருக்கிறேன். பாதிதான் உள்ளே போயிருக்கிறது.

"வெறும் சோத்துக்கு அது எப்படி வேல பாக்கும்? கொழம்பு ஊத்தும்வே," என்றார் அண்ணாச்சி.

அக்கா சிரித்தாள். சத்தம் வரவில்லை.

ஊக்கால் அரிசியை எடுத்தேன். செருகினேன். சாவியில் பச்சை விளக்கு எரிந்தது. நாற்பத்தொன்றையும் திரும்ப வைத்தேன். ஏறிவிட்டது. கிரைண்டரை எடுத்தேன். எக்கோ போட்டேன். அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"வீட்டுல இந்தச் சத்தத்தக் கொறைக்க ஒரு பிளகின் இருக்காலே?" என்றார் அத்தான்.

அக்கா முறைத்தாள். அன்று அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

நாலேகாலுக்கு ஆட்டோ புறப்பட்டது. ஆறு மணி வரை சுற்றியது.

மறுநாள் மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டேன். தொண்டை திறந்திருந்தது. போனைத் தள்ளிப் பிடித்தேன்.

"அறுபது பொட்டலத்துல எத்தன மிச்சம்?" என்றேன்.

"இருலே, எண்ணிச் சொல்லுதேன்."

எண்ணினாள்.

மூன்று.