மதாமிடம் நான் சொன்ன குறை

அவர் பெயர் எனக்குத் தெரியாது. உப்பளம் பகுதியில் எங்கள் மாதா கோயிலில் எல்லாரும் அவரை, பழைய பிரெஞ்சு வழக்கப்படி, மதாம் என்றே கூப்பிடுகிறோம். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, கையில் பனையோலை விசிறி. ஞாயிறு பூசையில் யாராவது பேசினாலோ குழந்தை சிணுங்கினாலோ, விசிறிக் காம்பால் பெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்துக்கே என் இரண்டு வயது மகள் அழுவாள். பூசைக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் எல்லாரும் மண்டியிட்டிருந்தபோது, மதாமின் கைப்பையில் ஃபோன் அடித்தது. சினிமா குத்துப்பாட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டது பாவமோ என்று அடுத்த நொடியே பயமாகிவிட்டது.

பூசை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, ஒருத்தர்கூட எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஊருக்கெல்லாம் நான் மட்டும் சொல்லணுமா? பின்னாடிதான இருந்த, நீயாவது சொல்லு."

"ஃபோன ஆஃப் பண்ணிட்டு வரணும், மதாம்."

"அப்புறம்?"

"பெஞ்சுல தட்டாதீங்க. பாப்பா பயப்படுறா."

அவர் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எனக்கும் பயம்தான்."

சிரித்துவிட்டார்.

இப்போது எங்கள் பெஞ்சில்தான் உட்காருகிறார். பிரசங்கத்தின்போது பாப்பா அவர் மடியிலேயே தூங்கிவிடுகிறாள்.

அன்று நான் சொன்னது அன்பினாலா, பழிதீர்க்கவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மதாமைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.