இட்லி தீர்ந்ததால் நடந்த கல்யாணம்

எங்கள் அன்பு அக்கா பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத வீட்டில். அப்பாவுக்குக் கண் மங்கியதும் தட்டெழுத்துக் கற்று வேலைக்குப் போய், தமக்குக் கல்யாணமே வேண்டாமென்று எங்களைக் கரையேற்றியவர். பொறுமைசாலி என்றும் எழுத ஆசைதான். படிக்கிற உறவினர்கள் சிரிப்பீர்கள்.

தப்பான இங்கிலீஷ் காதில் விழுந்தால் அக்காவுக்கு ஆகவே ஆகாது. குழாய் உடைந்து தறிக்குழிக்குள் தண்ணீர் புகுந்த அன்று, "பிளம்பரக் கூப்புடுக்கா" என்று நான் அலறினேன். "நடுவுல 'ப' சத்தம் வராதும்மா, பிளம்மர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தார்.

என்னைப் பெண் பார்க்க முதலில் வந்த பையன் "கசின் பிரதர்" என்றான். 'கசின்' என்றாலே போதும், 'பிரதர்' வேண்டாம் என்று அக்கா விளக்கம் கொடுத்தார். அவர்கள் மறுபடி வரவே இல்லை. போனால் போகட்டும் என்றிருந்தேன். அடுத்துச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரவிருந்தவரைக் கோயிலில் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் கெட்டுவிடுமோ என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர்கள் வந்த அன்று அம்மா, மூங்கில் குடலையில் வேகவைத்துத் துண்டு போட்ட குடலை இட்லியை ஒரு தட்டு நிறைய அக்காவின் கையில் கொடுத்தார்.

"பேசணும்னு தோணும்போதெல்லாம் ஒரு துண்டு வாயில போட்டுக்கோம்மா. தங்கச்சி வாழ்க்க இது."

அக்காவும் அப்படியே செய்தார். மாப்பிள்ளை "பாஸ் அவுட்" என்றார். ஒரு துண்டு உள்ளே போனது. "ரிட்டர்ன் பேக்" என்றார். பெரிய துண்டாகவே போனது. இட்லியின் மிளகுக் காரத்தில் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பொண்ணோட அக்கா நல்லா சாப்புடறாங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷப்பட்டார்.

கடைசியில் மாப்பிள்ளை, "அப்பா போன வருஷம் எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்றார். தட்டில் இட்லி இல்லை.

"எக்ஸ்பயர்னு மாத்திர அட்டையில போடுவாங்க தம்பி. பெத்தவர அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அதத்தாம்மா சொல்லிக்கினு இருக்கறேன், கேக்க மாட்டேன்றான். எங்க வூட்டுக்காரரு இன்னா, கெட்டுப்போன சாமானா?" என்றவர், அழுகையோடு சிரித்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "இந்த வூட்லயே பொண்ணு எடுத்துடலாம்பா" என்றார்.

அன்று முதல் என் கணவருக்கு அக்காவைச் சீண்டுவதே வேலை. ஆஸ்பத்திரியில் அக்காவின் கடைசி நாட்களில்கூட, "ரிசிப்ட் வாங்கிக்கினு வரேங்க்கா" என்று, ஒலிக்கக் கூடாத 'ப்'பை வேண்டுமென்றே அழுத்திச் சொல்வார். பேச முடியாத அக்கா விரலை ஆட்டி மிரட்டுவார். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அக்கா மறைந்த அன்று உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னவரும் அவர்தான். "எப்போ எக்ஸ்பயர் ஆனாங்க?" என்று கேட்டவர்களிடம், தேம்பிக்கொண்டே, "அந்த வார்த்த வேணாங்க, அக்கா திட்டுவாங்க" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், போனில் என் கணவர் திருத்தியும் கோபிக்காமல் ஓடிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டு நினைவு நாள் பந்தியில் குடலை இட்லி உண்டு. இங்கிலீஷ் பேச நினைப்பவர்கள், முதலில் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.