சொம்பில் இறங்கிய உளி

ஒடிந்த ரம்பப் பிளேடின் மேல் உளி வழுக்கும்போது எழும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. துவாக்குடிப் பட்டறையில் மெஷினில் சிக்கி அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அப்பாவின் பெயரை வெட்டிய புதுச் சொம்பில் ஸ்ரீரங்கத்துக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து, எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருச் சிவனுக்கு ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பெயரை வீட்டு ஆள் கைதான் வெட்டவேண்டுமாம். அம்மாவுக்கு எழுத வராது, ஆகவே நான்.

அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த 'ஸ்கிராப்' கழிவுத் துண்டுகளில் பழகினேன். இரும்புத் தகட்டை லேசாகத் தட்டினாலே புள்ளி விழும். எவர்சில்வர் மூடி கொஞ்சம் முறைக்கும். ரம்பப் பிளேடோ உளியைத்தான் மழுக்கும். அதில் ஒரு எழுத்தாவது விழுந்தால்தான் அப்பாவுக்குக் குணமாகும் என்று நானாக நினைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே அடித்தேன்.

"என்னடி, நீ பிளேடை வெட்றியா, அது உன்னை வெட்டுதா?"

"சும்மா இருங்கப்பா!"

பிளேடோடு மல்லுக்கட்டிய கை, மெல்லிய சொம்பிலும் அதே வேகத்தில் இறங்கிவிட்டது. கடைசி எழுத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. தண்ணீர் ஊற்றவேண்டிய பிரதோஷம் மறுநாள்தான். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் தண்ணீர் மொண்டு, அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். மடியில் சொம்பு, ஓட்டையின் மேல் என் கட்டைவிரல். பிரேக் போடும்போதெல்லாம் விரல் நகர்ந்தது, பாவாடை நனைந்தது.

"ஏன்டி இப்படி அழுத்திப் பிடிச்சிருக்க? யாரு புடுங்கப் போறா?" என்றாள் அம்மா.

"தண்ணி ஒழுகுதும்மா, பாத்துப் பிடிங்க" என்றார் கண்டக்டர்.

"ஒழுகலைங்க, தளும்புது. சாமி தண்ணிங்க" என்றேன்.

கோயிலில் குருக்கள் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பாதிதான் இருக்கு?"

"பஸ்ல தளும்பிருச்சுங்க சாமி" என்றாள் அம்மா.

"பரவாயில்லை, அவருக்கு ஒரு சொட்டு போதும்" என்று ஊற்றினார். எனக்குத்தான் மனது ஆறவில்லை.

சில மாதங்களில் இரண்டு விரல்கள் மடங்கின. மோதிர விரல் மடங்கவே இல்லை. "ரெண்டு வந்துருச்சுல்ல, சோறு பிசைய இது போதும்" என்பார் அப்பா. பஸ்ஸில் கொட்டிய பாதித் தண்ணீர்தான் அந்த விரல் என்று எனக்குத் தோன்றும். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும், அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொம்பின் ஓட்டையைச் சொல்லிவிட நினைத்துச் சொல்லாமலே இருந்தேன்.

அப்பா போய்விட்டார். பிரதோஷத்தன்று சன்னதியில் நிற்கிறேன். சிவன் கணக்குப் பார்த்துக் கொடுப்பவரில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார் என்பதும் தெரியும். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் இனி வழியில்லை.