சுவிட்ச் போடும் முன் ஒழுகிய தொட்டி

கும்மிடிப்பூண்டியில் நானும் என் கணவரும் சிறிய வெல்டிங் பட்டறை நடத்துகிறோம். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் வெந்நீர்த் தொட்டி செய்ய ஆர்டர் வந்தது. எங்களுக்கு அதுதான் முதல் பெரிய வேலை!

தகடு மிக மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "ஆர்கான் வெல்டிங்ல கோடு மாதிரி முழுசா பத்தவெச்சா சூட்டுல நெளிஞ்சிக்கினு போவும். ஸ்பாட் வெல்டிங்கே போதும்" என்று நான்தான் அடித்துச் சொன்னேன். விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டினோம். நெளிவே இல்லை, கண்ணாடிபோல் மின்னியது!

கேன்டீனில் தொட்டியை வைத்து, அடியில் ஹீட்டரைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பிவிட்டு சுவிட்சில் கை வைத்தேன்.

"கைய எடும்மா! கீழ இன்னா ஒழுவுது பாரு!" என்று சமையல்கார அக்கா அலறினார்.

புள்ளிகளுக்கு நடுவே கசிந்த தண்ணீர் ஹீட்டர் ஒயர்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

தொட்டியைப் பட்டறைக்குத் திரும்ப எடுத்துவந்ததும், சூட்டை இழுத்துக்கொள்ள இணைப்பின் அடியில் செம்புப் பட்டை வைத்து, கரண்ட்டைக் குறைத்து, என் கணவர் ஆர்கானில் இடைவெளி விடாமல் பற்றவைத்தார். லேசான நெளிவுதான். தண்ணீர் நிரப்பிக் காத்திருந்தோம்.

"ஒரு சொட்டு கூட இல்லடி!" என்று அவர் கத்த, நான் குதித்தே விட்டேன்!

இப்போதெல்லாம் அளவு கேட்பதற்கு முன்பே, "இதுல தண்ணி நிக்கணுமா?" என்று கேட்டுவிடுகிறேன். எப்படி இணைப்பது என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்கிறேன்.